கேபிள் துளை போடும்போது மரம் பிய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

எங்கள் வீட்டு டிவி யூனிட்டில் நான் முதன்முதலாகப் போட்ட கேபிள் துளை, மேலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குனிந்து அடியில் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மைக்கா பெயர்ந்து, பிளைவுட்டின் கடைசி அடுக்கு நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஒழுங்காக அறுத்த அதே கருவியின் பல் கீழே ஏன் இப்படிச் செய்தது என்று அன்றைக்குப் புரியவில்லை. அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் மேசை, அலமாரி என்று நிறையத் துளை போட்டதில் விஷயம் பிடிபட்டது. பல் மரத்துக்குள் இறங்கும்போது அடியில் தாங்கிப் பிடிக்க மரம் இருக்கிறது. வெளியே வரும் கடைசி ஒரு மில்லிமீட்டரில் அடியில் ஒன்றுமே இல்லை. தாங்கல் இல்லாத நாரைப் பல்லால் அறுக்க முடியாது, தள்ளிப் பிய்க்கத்தான் முடியும்.

கீழே சொல்லும் கோளாறுகளில் பலவற்றுக்கு வேர் இதுதான். உங்களிடம் இருப்பது சுவரில் ஆணி அடிக்க வாங்கிய சாதாரண 13 மி.மீ. ட்ரில் மிஷின், கையில் ஒரு ஹோல் சா (கிண்ணம் போல இருந்து விளிம்பில் பல்லும், நடுவில் முன்னே நீட்டிய ஒரு பிட்டும் வைத்தது), துளை போட வேண்டியது மைக்கா ஒட்டிய 18 மி.மீ. பிளைவுட் அல்லது பார்ட்டிகிள் போர்டு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பட்டறையில் 6 நூல் பலகை என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே கனம்தான். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது அவர்கள் கணக்கு.

மிஷினை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது சுத்தியல் படம் போட்ட பித்தான். வீட்டு ட்ரில் கடைசியாகச் சுவரில் வேலை செய்திருக்கும், அதனால் இடிக்கும் நிலையிலேயே நின்றிருக்கும். மரத்துக்கு அது கூடவே கூடாது. மைக்கா உடையக் காரணமே தெரியாமல் தவித்த இரண்டு வீடுகளில் இந்தப் பித்தான்தான் காரணமாக இருந்தது. அடுத்து, பிட். சுவர் பிட்டின் நுனியில் மழுங்கலாக ஒரு தகடு பதித்திருக்கும். அது செங்கல்லை நொறுக்கப் பிறந்தது, மரத்தை அறுக்காது, கசக்கும். மர பிட்டுக்கு நடுவில் ஊசி முனையும் இரு ஓரத்தில் கூர் இறக்கையும் இருக்கும். இரும்புக்குப் போடும் பிட்டும் சின்னத் துளைகளுக்குப் பரவாயில்லை.

மூன்றாவது, பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அலமாரி சுவரை ஒட்டி நின்றால் இழுத்துப் போட்டுவிட்டுத் துளையுங்கள். நடு பிட் பின்பலகையைத் தாண்டிச் சுவருக்குள் போனால், அங்கே சுவிட்ச் போர்டுக்குப் போகும் வயர் இருக்கலாம். நகர்த்தவே முடியாது என்றால் அந்தப் பக்கத்து எம்சிபியை (மின் பெட்டியில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டு மிஷினை ஓட்டுங்கள்.

அடிப்பக்கம் பிய்ந்து சிலாம்பு சிலாம்பாக வருகிறது

எல்லோருக்கும் வரும் முதல் கோளாறு. ஒரே பக்கத்திலிருந்து முழுதாக அறுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இரு பக்கமும் கை போகும் என்றால் தீர்வு சுலபம். முதலில் ஹோல் சாவின் நடு பிட் எவ்வளவு தடிமனோ அதே அளவு பிட்டால், பெரும்பாலும் 6 மி.மீ., பலகையை நேராகத் துளைத்து மறுபக்கம் எடுத்துவிடுங்கள். இந்தச் சின்னத் துளைதான் இரு பக்கத்துக்கும் பொதுவான மையம். பிறகு கண்ணுக்குத் தெரியும் பக்கத்திலிருந்து ஹோல் சாவைச் செலுத்தி, பாதிக் கனம், அதாவது 9 அல்லது 10 மி.மீ. போனதும் நிறுத்துங்கள். பலகையின் அடுத்த பக்கம் போய், அதே சின்னத் துளையில் நடு பிட்டை விட்டு மீதியை அறுங்கள். இரண்டு வெட்டும் பலகையின் நடு வயிற்றில் சந்திக்கும். பல் எந்த மைக்காவையும் வெளியே தள்ளுவதில்லை, இரு மைக்காவுக்குள்ளும் நுழைய மட்டுமே செய்கிறது. அதனால் இரு விளிம்பும் சுத்தமாக இருக்கும்.

பொருத்தி முடித்த அலமாரியில் மறுபக்கம் கை போனாலும் மிஷின் போகாது. அப்போது தாங்கலை நாமே உண்டாக்க வேண்டும். ஒரு துண்டு பிளைவுட்டைத் துளை வெளிவரும் இடத்தில் வைத்து சி கிளாம்பால் இறுக்குங்கள். இடைவெளி துளியும் இருக்கக் கூடாது, ஒரு மி.மீ. சந்து இருந்தால் கட்டையே வைக்காதது போலத்தான். கிளாம்ப் எட்டாத இடத்தில் இரு பக்கமும் ஒட்டும் டேப்பால் கட்டையை ஒட்டி, எதிர்ச் சுவரிலிருந்து ஒரு குச்சியால் முட்டுக் கொடுக்கலாம். அந்தப் பக்கம் யாரையும் கையால் பிடிக்கச் சொல்லாதீர்கள். நடு பிட் வெளியே பாய்வது சரியாக அந்த உள்ளங்கையில்தான்.

டிவி யூனிட்டின் பின்பலகை பல நேரம் 3 மி.மீ. ஹார்டுபோர்டு அல்லது 6 மி.மீ. பிளையாக இருக்கும். இதைப் பாதிப் பாதியாக அறுப்பதற்கு இடமே இல்லை. இரு பக்கமும் கட்டை வைத்து நடுவில் பலகையைச் சிக்கவைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே மரமாக நினைத்து அறுங்கள்.

ஏற்கெனவே பிய்ந்துவிட்டதா? பெயர்ந்த மைக்காச் சில்லு தொலையாமல் இருந்தால் உடனே ஃபெவிகுவிக் தொட்டு அதே இடத்தில் அழுத்தி, டேப் போட்டு விட்டுவிடுங்கள். சில்லு போய்விட்டது, ஆனால் சேதம் விளிம்பிலிருந்து 5 மி.மீ.க்குள் என்றால் துளைக்குப் போடும் பிளாஸ்டிக் மூடியின் உதடு மறைத்துவிடும். அதற்கும் மேல் என்றால் அதே நிற மைக்காத் துண்டை 4 அங்குலச் சதுரமாக வெட்டி, நடுவில் துளை போட்டு மேலே ஒட்டுவதுதான் கௌரவமான வழி. மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்து அப்புவது பெயிண்ட் அடிக்கப்போகும் பலகைக்கு மட்டும் சரி. மைக்காவின் மேல் அது காலத்துக்கும் தழும்பாகத் தெரியும்.

மேல்பக்கத்திலேயே விளிம்பு பல் பல்லாக உதிர்கிறது

பல் நுழையும் பக்கமும் உதிர்கிறது என்றால் காரணம் வேறு. பல் மழுங்கியிருக்கலாம், அல்லது மைக்காவைத் தொட்ட முதல் நொடியில் கிண்ணம் ஆடியிருக்கலாம்.

மைக்கா ஒரு மி.மீ. கனம்தான், ஆனால் கண்ணாடி போல் விறைப்பானது. அதை முதலில் கீற வேண்டும், பிறகுதான் அறுக்க வேண்டும். மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி அதன் மேல் குறியுங்கள். நடு பிட் இறங்கி, பல் டேப்பைத் தொடப்போகும் நேரத்தில் மிஷினைத் தலைகீழ்ச் சுற்றுக்கு மாற்றி, லேசாக அழுத்தி ஐந்தாறு நொடி ஓட்டுங்கள். பல்லின் முதுகு மைக்காவைச் சுரண்டி ஒரு வட்டக் கோடு போட்டுவிடும். அதன் பிறகு நேர்ச் சுற்றில் அறுத்தால் உதிர்வு அந்தக் கோட்டைத் தாண்டாது. தலைகீழாக ஓட்டும்போது ஹோல் சாவின் மரை கழன்றுகொள்ள வாய்ப்புண்டு, அதனால் அழுத்தம் வேண்டாம். நேர்ச் சுற்றுக்கு மாற்றும் முன், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை கையால் இறுக்கிப் பாருங்கள்.

பட்டையான ஃபிளாட் பிட்டால் மைக்காவில் துளை போட்டால் உதிராமல் இருக்காது. அது பச்சை மரத்துக்கு, அதாவது மைக்கா ஒட்டாத சட்டத்துக்கு உள்ள கருவி. அங்கேயும் ஊசி முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, திருப்பி அந்த ஊசித் துளையிலிருந்து முடிக்க வேண்டும்.

மெல்லிய கேபிள்கள் மட்டும் போக வேண்டும் என்றால், ஆட்டோ ஹிஞ்ச் பதிக்க கார்பென்டர்கள் வைத்திருக்கும் 35 மி.மீ. பிட்டை நான் ஹோல் சாவை விட விரும்புவேன். அதன் ஓரம் வட்டத்தை முழுதாகக் கீறிக்கொண்டே இறங்கும், விளிம்பு கண்ணாடி போல வரும். ஹிஞ்சுக்குக் குழி எடுக்கச் செய்த பிட் என்பதால் அதையும் இரு பக்கத்திலிருந்தே இறக்குங்கள்.

பிட் குறித்த இடத்தில் நிற்காமல் ஓடுகிறது

மைக்கா வழுக்கும். குறித்த புள்ளியில் ஓர் ஆணியை வைத்து லேசாகத் தட்டிக் குழி செய்து, 3 மி.மீ. பிட்டால் வழி எடுத்துவிட்டால் ஓடாது.

அப்படியும் ஹோல் சா வழுக்கிப் பலகையில் வட்ட வட்டமாகக் கீறல் போட்டால் நடு பிட்டைப் பாருங்கள். அது பல் வரிசையைத் தாண்டி நன்றாக முன்னே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்து பிட் உள்ளே போயிருந்தால், பல் முதலில் பலகையைத் தொட்டுவிடும். ஆலன் கீயால் ஒரு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். விலை குறைந்த செட்களில் இது அடிக்கடி நடக்கிறது. ஒவ்வொரு துளைக்கு முன்பும் தொட்டுப் பார்ப்பது என் பழக்கம்.

புகை வருகிறது, விளிம்பு கருகுகிறது

நிறையப் பேர் மிஷினின் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். வீட்டு ட்ரில் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 2,800 சுற்று வாக்கில் போகும். 60 மி.மீ. கிண்ணத்தின் விளிம்பு அந்த வேகத்தில் மரத்தை அறுப்பதை விட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிடும். ஆயிரத்துக்கும் கீழே, பல் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம் போதும். விசையை அரைகுறையாக அழுத்திப் பழகுங்கள்.

வேகத்தைக் குறைத்தும் புகைந்தால் தூள் வெளியேற வழியில்லை. ஹோல் சா ஒரு குறுகிய வாய்க்காலை வெட்டிக்கொண்டு போகிறது. அதில் விழும் மரத்தூள் பல்லோடு சேர்ந்து சுற்றிச் சூடாகிறது. ஐந்து நொடி அறுத்ததும் வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடுங்கள். இதைவிட நல்ல உபாயம் ஒன்று உண்டு. முதலில் பல் ஒரு கோடு போட்டதும் நிறுத்தி, அந்த வட்டக் கோட்டின் உள்பக்கத்தைத் தொட்டாற்போல 8 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். தூள் எல்லாம் அதில் இறங்கி வெளியேறிவிடும். வேலை பாதி நேரத்தில் முடிவதோடு கருகல் வாடையே இருக்காது.

எம்டிஎஃப் பலகையின் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் மரத்தோடு ரெசின் பசையும் கலந்திருக்கிறது. மாவு போலக் காற்றில் மிதக்கும், நெஞ்சுக்கு நல்லதல்ல. மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

கரையானுக்குப் பயந்து டபிள்யூபிசி அல்லது பிவிசி பலகையில் அலமாரி செய்திருந்தால் புகைக்குப் பதிலாகப் பஞ்சு மிட்டாய் மாதிரி பிளாஸ்டிக் இழை பல்லில் சுற்றிக்கொள்ளும். பலகை உருகுகிறது என்று அர்த்தம். இன்னும் மெதுவாக, இன்னும் அதிக முறை வெளியே இழுத்து அறுக்க வேண்டும்.

மிஷின் திடீரென்று சிக்கிக் கையை முறுக்குகிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். கிண்ணம் சாய்ந்து ஒரு பக்கப் பல் மட்டும் கடித்தால் பலகை அசையாது, மிஷின்தான் சுற்றும். மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கட்டாயம் மாட்டுங்கள். விசையை அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் லாக் பித்தானை ஹோல் சா வேலையில் தொடவே வேண்டாம். சிக்கிய கணத்தில் விரலை எடுத்தால் மிஷின் நிற்க வேண்டும். கையுறை, துப்பட்டா, தோளில் துண்டு எதுவும் கூடாது. கண்ணாடி போடுங்கள்.

கட்டைகளை வரிசையாக அடுக்கி இரு பக்கமும் மெல்லிய பலகை ஒட்டிய பிளாக்போர்டில் உள்ளே கட்டைகளுக்கு நடுவே சந்து இருக்கும். பல் அந்தச் சந்தில் விழும்போதும் இப்படி ஒரு வெட்டு வெட்டும். அழுத்தத்தைக் குறைத்தால் தாண்டிவிடும்.

அறுபட்ட வட்ட வில்லை கிண்ணத்துக்குள் மாட்டிக்கொண்டது

கிண்ணத்தின் பக்கவாட்டில் நீளச் சந்து இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை அந்தச் சந்தில் விட்டு நெம்பினால் வந்துவிடும். சூடு ஆறட்டும், கை வைக்காதீர்கள். சந்து இல்லாத மலிவு வகையென்றால் வில்லையில் இரண்டு ஸ்க்ரூ முடுக்கி இடுக்கியால் இழுங்கள்.

இரு பக்கத்து வெட்டும் ஒன்றோடொன்று சேரவில்லை

துளைக்குள் விரலை விட்டால் நடுவில் ஒரு படி தட்டுப்படும். முதலில் போட்ட 6 மி.மீ. துளை சாய்ந்திருக்கிறது. பலகை மேல் மூலைமட்டத்தை நிறுத்தி, பிட் அதற்கு இணையாக இருக்கிறதா என்று ஒரு பக்கமும், கூட ஒருவரை நிறுத்தி மறுபக்கமும் பார்த்தால் சாயாது. வந்துவிட்ட படியை அரைவட்ட அரத்தால் ராவிவிடலாம். ஒரு குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தாலும் போதும். கேபிளுக்குக் கூர்மை படக்கூடாது, அதுதான் முக்கியம்.

துளை சின்னதாகிவிட்டது, பிளக் நுழையவில்லை

கேபிளின் தடிமனைப் பார்த்துத் துளை போட்டால் இப்படித்தான் ஆகும். எச்டிஎம்ஐயின் உலோக வாய் 13.9 மி.மீ. அகலம்தான், ஆனால் அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உடம்பு இன்னும் பெரிது. மூன்று பின் பிளக் அதைவிடப் பெரிது. பலகையில் கை வைக்கும் முன் ஓர் அட்டையில் அதே அளவு வட்டம் வெட்டி, எல்லாப் பிளக்கையும் ஒவ்வொன்றாக நுழைத்துப் பாருங்கள். பெரிய பிளக்கை முதலில் விட்டுவிட வேண்டும். மற்ற வயர்கள் இடத்தை அடைத்த பிறகு அது போகாது. ஸ்க்ரூ போட்டுக் கழற்றும் வகைப் பிளக் என்றால், இணைப்பைப் பிடுங்கி, பிளக்கைக் கழற்றி, வயரை மட்டும் நுழைத்து மறுபடி மாட்டினால் சின்னத் துளையே போதும். எந்த நிற வயர் எந்தப் பின்னில் இருந்தது என்று முதலிலேயே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கும் துளையைப் பெரிதாக்கும்போது நடு பிட்டுக்குப் பிடிமானம் கிடையாது, மரம் இருந்த இடம் இப்போது ஓட்டை. அதனால் வெறும் ஹோல் சாவை வைத்தால் அது பலகை முழுக்க ஓடும். வேண்டிய அளவில், உதாரணத்துக்கு 60 மி.மீ., ஒரு கழிவு பிளைத் துண்டில் துளை போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் துண்டைப் பழைய துளைக்கு மேல் சரியாக மையம் பார்த்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஹோல் சாவின் நடு பிட்டைக் கழற்றிவிட்டு, துண்டில் உள்ள துளைக்குள் கிண்ணத்தை இறக்கி அறுங்கள். துண்டின் சுவர் கிண்ணத்தை ஓடவிடாமல் பிடிக்கும். நான்கு மி.மீ. போல இறங்கியதும் துண்டை எடுத்துவிடலாம், அதற்குள் கிண்ணம் தன் வாய்க்காலிலேயே நிற்கும்.

வெட்டி எடுத்த வில்லையைத் திரும்பத் துளையில் அடைத்து மையம் உண்டாக்கலாம் என்று தோன்றும். பல்லின் அகலம் அளவுக்கு வில்லை சின்னதாக இருக்கும், லொட லொடவென்று ஆடும். சுற்றிலும் டேப் சுற்றி இறுக்கமாக்கினால் மட்டுமே நிற்கும்.

பிளாஸ்டிக் மூடி லூசாக இருக்கிறது, அல்லது நுழையவில்லை

கடையில் வயர் மேனேஜர் என்று கேட்டால் தருவார்கள். 50, 60, 80 மி.மீ. என்று வரும். அளவு என்பது துளைக்குள் போகும் கழுத்தின் அளவு, மேலே தெரியும் தட்டின் அளவல்ல. மூடியை முதலில் வாங்கி, கழுத்தை அளந்து, அதற்கேற்ற ஹோல் சாவை எடுங்கள். லூசானால் கழுத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. இறுக்கமானால் உப்புத்தாள்.

கொஞ்ச நாளில் விளிம்பு உதிர்கிறது, மழைக்காலத்தில் ஊதுகிறது

பார்ட்டிகிள் போர்டிலும் எம்டிஎஃபிலும் மைக்காதான் கவசம். துளை போட்ட இடத்தில் அந்தக் கவசம் இல்லை, உள்ளே இருக்கும் தூள் மரம் ஈரத்தைக் குடிக்கிறது. கடலோர ஊர்களிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும், தரை துடைக்கும் தண்ணீர் தெறிக்கும் கீழ்ப் பலகைகளிலும் சீக்கிரம் ஊதிவிடும். துளை போட்ட அன்றே பெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து உள்சுவரில் தடவிக் காயவிடுங்கள். காய்ந்ததும் அதன் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு. பத்து நிமிட வேலைதான், ஆனால் தொண்ணூறு சதவீதம் பேர் விட்டுவிடுவது இதைத்தான் என்று என் அனுபவத்தில் தோன்றுகிறது. ஊதிப்போன விளிம்பு பழைய நிலைக்கு வராது. காயவைத்து, உப்பலைத் தேய்த்துச் சமன்செய்து, பூசி, மூடி போட்டு மறைக்கத்தான் முடியும்.

கெட்டி மரம் வெடிக்கிறது

தேக்கு, வேம்பு போன்ற முழு மரத்தில் பலகையின் முனைக்கு அருகில் துளை போட்டால் இழை ஓட்டத்தில் விரிசல் ஓடும். முனையிலிருந்து குறைந்தது துளையின் விட்டம் அளவாவது உள்ளே தள்ளிப் போடுங்கள். ஆணியைத் தட்டிக் குறிப்பதற்குப் பதில் 3 மி.மீ. பிட்டால் வழி எடுங்கள், இரு பக்கத்திலிருந்தும் மெதுவாக அறுங்கள். மெல்லிய விரிசல் ஓடிவிட்டால், அதை லேசாக விரித்துப் பெவிகாலை ஊட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

தாத்தா காலத்துத் தேக்கு மேசையையோ பீரோவையோ கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் மாற்றுகிறவர்கள் என்னிடம் கேட்டால் நான் துளை போட விடுவதில்லை. அந்த அகலத்தில் ஒரே பலகையாகத் தேக்கு இன்று சுலபத்தில் கிடைக்காது. பீரோவின் பின்பலகை ஸ்க்ரூவிலோ ஆணியிலோ நிற்கும். அதைச் சேதமில்லாமல் கழற்றிப் பழைய துணியில் சுற்றிப் பரணில் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் 6 மி.மீ. பிளை வெட்டி மாட்டுங்கள். எத்தனை துளை வேண்டுமானாலும் அந்தப் பிளையில் போடலாம். மேசையென்றால் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போட்டு, பின்னால் வயரை இறக்கி, அடியில் கால்களோடு சேர்த்துத் துணி நாடாவால் கட்டிவிட்டால் முன்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மேசைக்கு அடியில் தரையில் போடாமல், உள்பக்கச் சட்டத்தில் தொங்கவிட்டால் தரை துடைக்கவும் வசதி.